அப்பாவுக்கு பேஸ்மேக்கர்: போனை எங்கே வைக்கலாம்?

அப்பாவுக்கு மைசூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பேஸ்மேக்கர் பொருத்தி, வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வோம்? ‘கதிர்வீச்சு கம்மியான போன் எது?’ என்று தேடுவோம். *#07# என்று டயல் செய்தால் ‘சார்’ அளவு திரையில் வரும். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் அதன் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட்.

ஆனால் இந்த விஷயத்தில் அந்த எண் அவ்வளவாக உதவாது. போனின் ரேடியோ அலைகளில் எவ்வளவு ஆற்றலை உடல் உள்வாங்குகிறது என்பதைத்தான் ‘சார்’ சொல்கிறது. பேஸ்மேக்கரின் பிரச்னை வேறு. இதயத்தின் நுண்ணிய மின் துடிப்பைக் கேட்டுத்தான் அது வேலை செய்கிறது. பக்கத்தில் வரும் ரேடியோ அலையை இதயத் துடிப்பு என்று தப்பாக எடுத்துக்கொண்டால், தேவையான நேரத்தில் அது துடிப்பைக் கொடுக்காமல் விடக்கூடும். இப்போதைய கருவிகளில் டைட்டானியம் உறையும் வடிகட்டிகளும் இருப்பதால் அந்த ஆபத்து மிகக் குறைவு.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: காந்தம். மேலே காந்தம் வைத்தால் வேறு முறைக்கு மாறும்படிதான் இந்தக் கருவிகளையே வடிவமைத்திருக்கிறார்கள். மருத்துவர்கள் அதைச் சிகிச்சையில் பயன்படுத்துவதும் உண்டு. வயர்லெஸ் சார்ஜிங்குக்காக இப்போது போனுக்குள்ளேயே காந்தம் வந்துவிட்டது. ஐபோன் 12-ஐ ஒரு நோயாளியின் மார்புக்கு அருகே கொண்டுபோனதும், அவருடைய ஐசிடி கருவி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்வது) சிகிச்சையை நிறுத்திக்கொண்டதாக அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை மருத்துவர்கள் 2021 ஜனவரியில் எழுதினார்கள். போனை எடுக்கும்வரை அது அப்படியே இருந்தது.

பயப்பட வேண்டாம். தூரம் போதும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ சொல்வது 6 அங்குலம், அதாவது சுமார் 15 செ.மீ. வயர்லெஸ் சார்ஜிங்கில் இருக்கும்போது 30 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்கச் சொல்கிறது ஆப்பிள்.

நம்ம ஊர் சிக்கல், சட்டைப் பை. பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடது காரை எலும்புக்குக் கீழே வைக்கிறார்கள். நம் சட்டைப் பையும் இடது பக்கம்தான். அப்பாவை பேன்ட் பைக்கு மாறச் சொல்லுங்கள். வலது காதில் பேசட்டும். படுத்துக்கொண்டு வீடியோ பார்த்தபடி போனை மார்பில் கவிழ்த்துத் தூங்கும் பழக்கத்தையும் விடணும். இயர்பட்ஸ் டப்பாவிலும் காந்தம் இருக்கு, அதையும் சட்டைப் பையில் போட வேண்டாம்.

தலைசுற்றலோ படபடப்போ வந்தால் முதலில் போனைத் தள்ளி வைத்துவிட்டு, கருவி பொருத்திய மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.