ஒன்பது பாடமும் படித்தே ஆகவேண்டுமா?

முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய எங்களுக்கு எஞ்சிய சொத்து படிப்பு ஒன்றுதான். அதனால், வலிப்புக்கு மாத்திரை எடுக்கும் என் அக்காவின் மகள் சாதாரண தரத்தில் பாடங்களைக் குறைக்கக் கேட்டபோது வீடே பதறியது. ஆனால், நித்திரை முழிப்பு வலிப்பைத் தூண்டும்.

சாதாரண தரத்துக்கு 9 பாடங்கள்: கட்டாயப் பாடங்கள் 6, தொகுதிப் பாடங்கள் 3. உயர்தரத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படுவதோ தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களில் சித்தி. அவற்றில் 3 திறமைச் சித்தி.

எனவே, பிள்ளைக்கு இயலுமான ஆறைத் தெரிந்து அவற்றைப் பலப்படுத்துங்கள். மற்ற மூன்றுக்கான ரியூசனை நிறுத்தலாம். பரீட்சை விண்ணப்பம் போகுமுன் கிளினிக் கொப்பியுடன் அதிபரைச் சந்தியுங்கள். மருத்துவ அறிக்கையோடு மேலதிக நேரம் போன்ற சலுகைகளையும் அவரூடாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோரலாம்.

எந்தப் பாடத்தை விடுவதென்று பிள்ளையிடமும் கேளுங்கள்.