உங்களுக்குத் தெரியுமா? அதே பக்கம், வேறு வேறு சட்டை!
1990-களில் இணையப் பக்கத்தை வடிவமைக்க அட்டவணைதான் எலும்புக்கூடு. கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம். இடைவெளி வேண்டுமா? கண்ணுக்கே தெரியாத ஒரு பிக்சல் ஜிஃப் படத்தை இழுத்து நீட்டிச் செருகுவார்கள்! தோற்றத்தை மாற்ற நினைத்தால் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

தோற்றத்துக்கென்றே சிஎஸ்எஸ் என்ற மொழி 1996 டிசம்பரில் வந்துவிட்டது; பிரவுசர்கள் வழிக்கு வரத்தான் வருடங்கள் பிடித்தன. 2003-இல் கனடா வடிவமைப்பாளர் டேவ் ஷே 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' தளத்தைத் தொடங்கினார். அதிலுள்ள ஒரே பக்கத்துக்கு யாரும் புதுத் தோற்றம் தரலாம். நிபந்தனை ஒன்றுதான்: வாசகம் இருக்கும் எச்டிஎம்எல்லில் கை வைக்கக் கூடாது, சிஎஸ்எஸ் கோப்பும் படங்களும் உங்கள் இஷ்டம். வாசகம் அதேதான், தோற்றம் மட்டும் ஆளுக்கொன்று.

விளம்பர மின்னஞ்சல்களில் அட்டவணை இன்னும் ஓயவில்லை. விண்டோஸின் பழைய அவுட்லுக், 2007 பதிப்பு முதல், அஞ்சலை சிஎஸ்எஸ் அரைகுறையாகவே புரியும் வேர்ட் வழியாகக் காட்டுவது அதற்கு முக்கியக் காரணம்.