உங்களுக்குத் தெரியுமா? நம் எல்லைக்கோடு 25 அல்ல, 23

● பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண் கணக்கைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே, 1830களில் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தபோது கிடைத்த விகிதம் அது. பி.எம்.ஐ. என்ற பெயரை 1972இல் வைத்தவர் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ்.

● கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. வந்துவிடும். 155 செ.மீ. உயரமும் 58 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு 24.1 வரும். கூடுதல் எடை 25இல் தொடங்கும் உலகப் பொது அளவுகோலில் இவர் எடை இயல்பானது. இந்திய மருத்துவர்கள் 2009இல் வகுத்த வரம்பிலோ இவர் கூடுதல் எடைக்காரர். நமக்குக் கூடுதல் எடை 23இலேயே தொடங்குகிறது. 25ஐத் தொட்டால் உடல்பருமன். இவர் 55 கிலோவுக்கு வந்தால் நல்லது.

● வரம்பை இவ்வளவு குறைக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் சுமார் 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு 2021இல் வெளியானது. அதன்படி, வெள்ளையர்களுக்கு பி.எம்.ஐ. 30இல் இருக்கும் டைப் 2 சர்க்கரை நோய் ஆபத்து, தெற்காசியர்களுக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது.

● 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் படம் ஒன்று வந்தது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். உடல் கொழுப்பை அளந்து பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பரம்பரை மேல் போட்டுவிட முடியாது. ஆனாலும் ‘ஆள் ஒல்லிதான், ஒன்றும் வராது’ என்று நம் வீடுகளில் சொல்லிக்கொள்கிறோமே, அந்த நம்பிக்கையை உடைக்க இந்த ஒரு படம் போதும்.

● யாஜ்னிக் குழு புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் அளந்தது. அவர்களின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை வெகுவாகக் குறைவு. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை.

● பேன்ட் சைஸை வைத்து இடுப்பளவைச் சொல்லாதீர்கள். தொப்பை விழுந்தவர்கள் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். வயிறு எவ்வளவு பெருத்தாலும் சைஸ் 34இலேயே நிற்கும். டேப்பை வைக்க வேண்டிய இடம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே. சட்டையை விலக்கிவிட்டு, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே கவனம் தேவை. பி.எம்.ஐ. காட்டாத வயிற்றுக் கொழுப்பை இந்த டேப் காட்டிக்கொடுக்கும் என்பதால், வீட்டில் எடை மெஷின் இல்லாவிட்டாலும் ஒரு டேப் இருக்கட்டும்.

● எண் நினைவில் நிற்காதா? இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும்.

● கர்ப்பிணிகளுக்கு பி.எம்.ஐ. கணக்கு பொருந்தாது. வயதானவர்களுக்கோ தசை கரைந்து கொழுப்பு கூடினாலும் பி.எம்.ஐ. மாறாமல் நிற்கலாம்.

● தினமும் நடந்தும் எடை குறையவில்லை என்று நடையை நிறுத்தப் பார்க்கிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்து, 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவைச் சீராக்கி, தினமும் அரை மணி நேரமாவது நடக்கும்படி வழிகாட்டப்பட்டவர்களில் அது 39.3 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்களின் சராசரி எடை பெரிதாகக் குறையவே இல்லை.