முன்பின் பாராத பத்தி: தலைநகர்த் தமிழ் மாணவர்க்கு ஒரு சோதனை

பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள தில்லித் தமிழர் வீடுகளில் டெலிவிஷன் பெட்டி மௌனமாகிவிடும். ஊரிலிருந்து வரவிருந்த உறவினர்கள், "பரீட்சை முடியட்டும்" என்று பயணத்தைத் தள்ளிப் போடுவார்கள். கணக்குக்கு ஒரு டியூஷன், விஞ்ஞானத்துக்கு ஒரு டியூஷன் என்று ஏற்பாடுகள் எப்போதோ முடிந்திருக்கும். ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் எவருக்கும் கவலை இராது. "அவன்தான் இங்கிலீஷ் மீடியம் ஆயிற்றே!" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். விடைத்தாள் சொல்லும் கதையோ வேறு.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 80 மார்க். அதில் 20 மார்க், மாணவன் முன்பின் பாராத இரண்டு பகுதிகளைப் படித்துப் பொருள் உணர்ந்து பதில் சொல்வதற்கு உரியது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 600 முதல் 700 சொற்கள் இருக்கும். இலக்கியப் பாடங்களுக்கு கைடு உண்டு. கடிதம் எழுத ஓர் அச்சு உண்டு. இலக்கணத்துக்குச் சூத்திரங்கள் உண்டு. இந்த 20 மார்க்குக்கு மட்டும் நெட்டுரு போட எதுவும் இல்லை. அதனாலேயே, "அதற்குப் படிக்க என்ன இருக்கிறது?" என்று பிள்ளைகளும் விட்டுவிடுகிறார்கள், பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள்.

பத்தாம் வகுப்போடு இது தீர்வதாகவும் இல்லை. 2022ஆம் ஆண்டு முதல் தில்லிப் பல்கலைக் கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக் கழகங்களில் இளநிலைப் பட்டப் படிப்பில் சேர பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. அதன் மொழித்தாளில் முக்கிய இடம் பெறுவது இதே வாசிப்புத் திறன்தான். சரியான விடைக்கு ஐந்து மார்க். தவறான விடைக்குக் கையிலிருந்து ஒன்று போகும். மொழித்தாளைத் தமிழிலும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. எனினும் கல்லூரிக்குள் நுழைந்தபின் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் காத்திருக்கின்றன.

உரக்கப் படிப்பது வேறு, உணர்வது வேறு

பிள்ளை ஆங்கிலப் பத்திரிகையைத் தடங்கலின்றி உரக்கப் படிப்பதைக் கேட்டுப் பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். உச்சரிப்பு நன்றாயிருக்கிறது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறான். "என்ன படித்தாய்? சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டால்தான் விஷயம் வெளிப்படும். திரும்பவும் பத்திரிகையைப் பார்க்காமல் அவனால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல இயலாது. வாயும் கண்ணும் வேலை செய்திருக்கின்றன. கருத்து எங்கோ நின்றுவிட்டது.

இத்தகைய மாணவர்கள் தேர்வில் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடுவார்கள். அகப்பட்டதும் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். சில டியூஷன் வாத்தியார்களே இதை ஒரு தந்திரமாகக் கற்பிக்கிறார்கள். கேள்வியை முதலில் ஒருமுறை பார்த்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பத்தியைப் படிக்காமல் சொல்லை மட்டும் வேட்டையாடினால் இனிப் பலிக்காது. 2023-24ஆம் கல்வியாண்டு முதல் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் கேள்விகளில் பாதி, திறனை அளக்கும் கேள்விகளாக அமைய வேண்டும் என்று வாரியம் விதித்திருக்கிறது. பத்தியில் நேரே எழுதப்படாததை ஊகித்துச் சொல்லும் கேள்விகள் அவற்றில் வரும்.

உதாரணமாக, ஒரு மளிகைக் கடைக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வாசலில் இருந்த அரிசி மூட்டைகளை அவசரமாக உள்ளே இழுத்தார் என்று பத்தியில் இருக்கிறது. "அவர் எதற்கு அஞ்சினார்?" என்பது கேள்வி. மழை என்ற சொல் பத்தியில் எங்குமே இல்லை. சொல் வேட்டை ஆடும் மாணவன் திகைத்துப் போவான். தெருவில் விளையாடும் சிறுவனுக்குத் தெரிந்த பதில், தேர்வுக் கூடத்தில் இவனுக்குத் தெரியாமல் போகிறது!

வினைச்சொல் எங்கே?

தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் ஆங்கிலம். தமிழிலும் இந்தியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அதைவிடப் பெரிய வேற்றுமை, ஒரு பெயரை விவரிக்கும் சொற்கள் எங்கே நிற்கின்றன என்பது. "நாயைத் துரத்திய பையன் களைத்துப் போயிருந்தான்" என்கிறோம். விவரம் எல்லாம் முன்னே வந்துவிடுகிறது. பையனைத் தொடர்ந்து வினை வருகிறது. குழப்பத்துக்கு இடமில்லை. இதையே ஆங்கிலத்தில், "தி பாய் ஹூ சேஸ்டு தி டாக் வாஸ் டயர்ட்" என்கிறார்கள். பையன் முதலில் வந்துவிட்டான். அவனைப் பற்றிய விவரம் வால் போல் பின்னே வருகிறது. வினைக்குப் பக்கத்திலோ நாய் நிற்கிறது. களைத்தது யார் என்று கேட்டால், அவசரமாகப் படிக்கும் மாணவன் நாய் என்று எழுதிவிடுவான்.

சிறிய வாக்கியத்தில் இது வேடிக்கையாகத் தோன்றும். பையனுக்கும் அவன் வினைக்கும் இடையே இருபது சொற்கள் புகுந்துகொண்டால்? தேர்வுக்கு வரும் கட்டுரைப் பகுதிகளில் அத்தகைய வாக்கியங்கள் உண்டு. இதற்கு மருந்து, ஆறாம் வகுப்பில் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்த எழுவாயும் பயனிலையும்தான். நீண்ட வாக்கியம் வந்தால் முதலில் முக்கிய வினையைக் கண்டு அடியில் கோடிட வேண்டும். "யார்? எது?" என்று கேட்டு எழுவாயைக் கண்டு அதற்கும் ஒரு கோடு. மற்றவை எல்லாம் அவ்விரண்டையும் ஒட்டிய விவரங்கள். ஒரு மாதம் பென்சிலும் கையுமாகப் படித்தவனுக்குப் பிறகு பென்சில் தேவைப்படாது.

அடுத்த தொல்லை, சிறு சொற்கள். பெரிய சொல்லுக்கு டிக்ஷனரியைப் புரட்டுகிற மாணவன் சின்னச் சொல்லைத் தெரிந்ததாகவே எண்ணித் தாண்டிவிடுகிறான். 'ஹார்ட்' என்றால் கடினம் என்று தெரிந்தவன், 'ஹீ ஹார்ட்லி வொர்க்ட்' என்பதை "கடினமாக உழைத்தான்" என்று படிக்கிறான். அவன் வேலை செய்ததே அபூர்வம் என்பதல்லவா பொருள்! 'எ ஃபியூ' என்றால் சிலர் வந்தார்கள். முன்னாலிருக்கும் அந்த ஓரெழுத்தை எடுத்துவிட்டால் வந்தவர் மிகச் சிலரே என்று குறைப்படும் தொனி வந்துவிடுகிறது. 'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள் ஓர் 'இல்லை' ஒளிந்திருக்கிறது. 'ஆல்தோ', 'டெஸ்பைட்' இரண்டும் வந்தால் பேச்சு திசை திரும்புகிறது என்று பொருள்.

இதில் மார்க்கைத் தவிர வேறொன்றும் அடங்கியிருக்கிறது. 2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவில் பாராபுலா வாய்க்காலை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப் குடியிருப்பு, உயர்நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. அங்கிருந்த 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவை என்று தீர்மானிக்கப்பட்டன. அந்த மாற்று வீடுகளும் நகரின் வடகோடியில் நரேலாவில். வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிழைக்கும் இத்தகைய குடும்பங்களில், ஆங்கிலத்தில் ஒரு கடிதமோ படிவமோ வந்தால் அதைப் படித்துச் சொல்வது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே. அக்கடிதத்தில் உள்ள 'அன்லெஸ்' ஒன்றை அந்தப் பிள்ளை தவறாகப் படித்தால், குடும்பத்துக்குக் கடைசித் தேதி தவறிவிடக்கூடும். அங்கே மறு தேர்வு கிடையாது.

அம்மாவே பரீட்சகர்

வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாதே என்று ஏங்கும் மாணவர்கள் உண்டு. ஒரு வகையில் அது நல்லதற்கே. படித்த பத்தியை ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்ப்பாக அன்று. எதிர்வீட்டுச் சமாசாரம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். அம்மா சும்மா இருப்பாளா? "யார் போனது? அவன் ஏன் போகவில்லை? அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்பாள். வினாத்தாள் கேட்பதும் இவற்றைத்தான். பதில் சொல்லத் திணறும் இடமே பத்தியில் புரியாத இடம். திரும்பிப் போய் அந்த வாக்கியத்தை மட்டும் படித்தால் போதும். மாதச் சம்பளம் வாங்கும் டியூஷன் வாத்தியார்கூட இவ்வளவு சரியாக ஓட்டையைக் காட்ட மாட்டார்.

தெரியாத சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நியூஸிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழியியல் அறிஞர், மார்செலா ஹூ என்பவருடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிறர் உதவியின்றி ஒரு கதையைப் புரிந்துகொள்ள, அதில் வரும் சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதாவது ஐம்பது சொல்லுக்குத் தெரியாத சொல் ஒன்று. 400 சொல் கொண்ட பத்தியில் எட்டு சொற்கள் தெரியாவிட்டால் பாதகமில்லை. முன்னும் பின்னும் பார்த்து ஊகித்துவிடலாம். நாற்பது சொற்கள் தெரியவில்லையென்றால் அந்தப் பத்தி அம்மாணவனுக்கு இப்போது ஏற்றதன்று. இரண்டு வகுப்பு கீழே இறங்கி ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக் கதைப் புத்தகங்களிலிருந்து தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிக்ஷனரியைப் படித்து முடித்த பின் பார்த்தால் போதும்.

சொல்லைப் போலவே விஷய ஞானமும் வேண்டும். 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பள்ளி மாணவர் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். வாசிப்பில் சுமாரானவர்கள் என்று பெயர் வாங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார மாணவர்களைவிட நன்றாக நினைவுகூர்ந்தார்கள். நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டைப் பற்றிய பத்தி வந்தால் எப்படியோ அப்படி. ஆகவே பவளப் பாறை, வெள்ளாமை, விண்கலம், ஊட்டச்சத்து என்று எதைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பவனுக்கு ஆங்கிலப் பத்தி பாதி தெரிந்ததாகிவிடுகிறது. அந்த ஞானம் எந்த மொழியில் வந்தால் என்ன? ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்கார்ந்து தமிழில் படித்ததும் ஆங்கிலத் தாளில் கைகொடுக்கும்.

பயிற்சிக்கு வாரம் நான்கு நாட்கள், நாளுக்கு ஒரு பத்தி போதும். முதல் மாதம் கடிகாரம் பார்க்கலாகாது. பிறகு நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். எழுதிய பதிலுக்குப் பக்கத்தில், அதற்கு ஆதாரமான வரியின் எண்ணைக் குறிக்க வேண்டும். எண் குறிக்க முடியாத பதில் பெரும்பாலும் கற்பனையாகவே இருக்கும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஒன்லி' என்று அடித்துப் பேசும் விடையைச் சற்றுச் சந்தேகத்துடன் பார்க்க வேண்டும். உலகத்தில் உண்மையாக இருப்பதும் பத்தியில் சொல்லப்படாவிட்டால் விடையாகாது. தேர்வு நாளில் எழுதத் தொடங்குமுன் வினாத்தாளைப் படிக்க 15 நிமிடம் தருகிறார்கள். அதில் பெரும்பகுதியை இந்த இரண்டு பகுதிகளுக்கே செலவிடுவது புத்திசாலித்தனம்.

கதைப் புத்தகங்களுக்குப் பணம் அதிகம் வேண்டாம். பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே 1951 முதல் இயங்கிவரும் தில்லிப் பொது நூலகம் இருக்கிறது. தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை 2019இல் நடைபாதையிலிருந்து மகிளா ஹாட்டுக்கு மாறியபின்னும், பழைய புத்தகங்களை அங்கே மலிவாக அள்ளி வரலாம். மாதிரி வினாத்தாள்களை, மார்க் போடும் முறையோடு சேர்த்து, வாரியமே தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. இறக்கி அச்செடுத்தவுடன் வினாக்களைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, விடைகள் உள்ள தாள்களை மட்டும் அம்மாவின் பீரோவில் பூட்டி வைப்பது நலம்.