மாளிகை டு மாளிகை... ஒரே நாள் ரவுண்ட்!

பர்ஸ் காலியா தோழிகளே? கவலையை விடுங்க. சாதா பஸ்ல நமக்குத்தான் 2021-லேர்ந்து டிக்கெட்டே கிடையாதே! கேங்கைக் கூட்டிட்டுக் கிளம்புங்க.

முதல்ல அடையாறு. ஆத்தோரம் வெள்ளைவெளேர்னு நிக்குது 'பிராடி காசில்'. 1790-களில் ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி அதிகாரி ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. கடைசியில் அதே ஆற்றில் மூழ்கி இறந்துபோனார், பாவம். இப்போ அங்கே அரசு இசைக் கல்லூரி. வாசலில் சொல்லிட்டு உள்ளே போங்க.

அடுத்து, மெரினா ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைப் பத்திரப்படுத்த 1842-ல் கட்டியது. (நம்ம ஊர் வெயிலுக்கு! தில்லுதான்.) 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதால், இன்று விவேகானந்தர் இல்லம்.

அங்கிருந்து பொடிநடையா ராணி மேரி கல்லூரி. மேட்டரே இங்கேதான். 1914-ல் 'கேப்பர் ஹவுஸ்' பங்களாவில் தொடங்கிய காலேஜ் இது. 2003-ல் இந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவிச்சதும், மாணவிகள் ராப்பகலா கேம்பஸிலேயே உட்கார்ந்துட்டாங்க. திட்டம் கைவிடப்பட்டது. காலேஜ் பிழைச்சது.

ஆனா அந்த கேப்பர் ஹவுஸ்? பழுதடைந்து, பிறகு இடிக்கப்பட்டு, அங்கே 2010-ல் புதுக் கட்டடம் வந்தாச்சு. பழசைப் பார்க்கணும்னா இனி போட்டோதான்.