பாத எரிச்சலுக்கு அக்குபங்சர்: எவ்வளவு நம்பலாம்?

பகலில் பொறுத்துக்கொள்ள முடிகிற பாத எரிச்சல், இரவில் போர்வை பட்டாலே தாங்க முடியாமல் போகும். இனிப்பு நீர் (நீரிழிவு) நெடுநாளாக உள்ள பலர் படும் வேதனை இது. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இன்னும் அதிகம். மிகுந்த சர்க்கரை நரம்பையும், நரம்புக்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. நீளமான நரம்புகளே முதலில் பழுதாகும். அதனால்தான் தொல்லை கால்விரலில் தொடங்குகிறது.

இந்த வலிக்குத் தரப்படும் பிரெகபலின், டுலொக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குத் தலைசுற்றலையோ தூக்கக் கலக்கத்தையோ தரும். அவர்கள் அக்குபங்சரை நாடுவதில் தவறில்லை. ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் அரசு மருத்துவமனையில் 2008இலேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கியது. நாள்பட்ட வலிக்கான அக்குபங்சரும் அதில் அடக்கம்.

முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அகலம் தள்ளி, கணுக்காலுக்கு மேலே என்று சில இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செருகி இருபது, முப்பது நிமிடம் விடுவார்கள். ஊசி இறங்கிய இடம் கனப்பதுபோல் இருக்கும். அந்தத் தூண்டுதல் மூளையும் தண்டுவடமும் வலியை உணரும் விதத்தை மாற்றுவதாகக் கருதப்படுகிறது. சான்று? நரம்பு வலிக்கான அக்குபங்சர் குறித்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மீளாய்வுக்குக் கிடைத்தவை 462 பேர் பங்கேற்ற ஆறே ஆய்வுகள். உதவும் என்றோ உதவாது என்றோ சொல்ல அவை போதவில்லை. ஆகவே மாத்திரையோடு சேர்த்து முயலலாம். மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டு வேண்டவே வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. எரிச்சல் நின்றால் நரம்பு தேறிவிட்டது என்று பலர் மகிழ்கிறார்கள். நரம்பு முற்றாக மரத்துப்போனாலும் எரிச்சல் நிற்கும்! மரத்த காலில் முள் தைத்தாலும் தெரியாது; புண் புரையோடி, காலையே எடுக்கும்படி ஆகலாம். ஊசியோடு வெப்ப விளக்கு வைப்பதும் மூலிகைப் புகைச் சூடு காட்டுவதும் உண்டு. அந்தச் சூடு சுட்டாலும் மரத்த கால் உணராது. நீரிழிவு உள்ளதையும், இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிட்டால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி உங்கள் முன்னால் பிரித்த புதிய உறையிலிருந்து வரட்டும். ஊசி செருகுபவர் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள்.

நீரிழிவு மாத்திரையான மெட்ஃபோர்மினை நெடுநாள் சாப்பிடுவோருக்கு பி12 சத்துக் குறைந்தும் கால் மதமதக்கலாம். ஆகவே ஊசிக்குப் போகுமுன் கிளினிக்கில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கவும் கேளுங்கள்.