புல்டோசர் வாங்குமுன் ஒரு மணிக்கணக்கு

மண் வேலை செய்யும் எந்த இயந்திரத்தையும் பேச்சுவழக்கில் புல்டோசர் என்றோ ஜேசிபி என்றோ சொல்லிவிடுகிறோம். பேச்சில் இதனால் இழப்பு ஒன்றுமில்லை. ஆனால், வீட்டை அடமானம் வைத்துக் கடன் பெற்று இயந்திரம் வாங்கும் ஒப்பந்ததாரருக்கு இந்த வேறுபாடு வாழ்வாதாரப் பிரச்சினை.

பள்ளம் தோண்டவும் லாரியில் மண் ஏற்றவும் எக்ஸ்கவேட்டர் ஏற்றது. சிறு வேலைகள் பலவற்றுக்கும் பேக்ஹோ லோடர் போதும். சங்கிலித் தடத்தில் ஊர்ந்து, முன்புறத் தகட்டால் மண்ணைத் தள்ளிச் சமன் செய்வதே புல்டோசரின் பணி. அதுவும் ஏறக்குறைய 100 மீட்டர் தூரத்துக்குள் தள்ளும்போதுதான் சிக்கனம். மேலும், ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் டிரெய்லர் வாடகை கொடுக்க வேண்டும். எனவே அணை, கால்வாய், நெடுஞ்சாலை, சுரங்கம் போன்ற நீடித்த பணிகள் கையில் உள்ளவர்க்கே இது பொருந்தும்.

கடன் கேட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் வேலை இருக்கிறது?" என்பதே. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 60 லட்சம் ரூபாய்க் கடனை 11 விழுக்காடு வட்டியில் 48 மாதங்களில் செலுத்தினால், மாதத் தவணை சுமார் 1,55,000 ரூபாய்; ஆண்டுக்கு 18,60,000 ரூபாய். மாதம் 150 மணி வீதம் 12 மாதமும் இயந்திரம் ஓடினால், தவணைக்காக மட்டும் மணிக்கு ஏறக்குறைய 1,033 ரூபாய் ஈட்ட வேண்டும். மழைக்காலமும் பில் தாமதமும் போக 8 மாதமே ஓடினால் அது 1,550 ரூபாயாகிறது. டீசல், ஆபரேட்டர் சம்பளம், பராமரிப்பு, காப்பீடு ஆகியன தனி. இயந்திரம் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

கணக்கு ஒத்துவந்தால் அடுத்தது தேர்வு. சேற்று நிலத்துக்கு அகலமான தடப் பட்டைகளும், இறுகிய நிலத்துக்குப் பின்புற ரிப்பரும் தேவை. 1964இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பெமல், கோலார் தங்கவயலில் புல்டோசர்களைத் தயாரிக்கிறது. பன்னாட்டு நிறுவனங்களின் இயந்திரங்களும் சந்தையில் உள்ளன. எந்த நிறுவனமாயினும், உதிரிபாகமும் மெக்கானிக்கும் எத்தனை நாளில் பணியிடம் வந்து சேரும் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

பழைய இயந்திரம் வாங்குவோர் மணிமானியை மட்டும் நம்பலாகாது. அதை மாற்றிவிட முடியும். ஒரு புல்டோசரின் பழுதுச் செலவில் ஏறத்தாழப் பாதி, சங்கிலி, ரோலர், ஸ்ப்ராக்கெட் அடங்கிய அடிப்பகுதிக்கே ஆகிறது. ஸ்ப்ராக்கெட் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். இரவு முழுதும் நின்ற எஞ்சினை உங்கள் முன்னிலையில் இயக்கச் சொல்லுங்கள். சூடான பின்னும் நீலப்புகை நீடித்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். முந்தைய கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றும், மூல விலைப்பட்டியலும் இன்றி முன்பணம் தர வேண்டாம்.

ஆண்டில் சில மாதங்களுக்கே வேலை உண்டெனில், வாடகைக்கு எடுப்பதே நன்று. கடன் வழங்கும் நாங்களே இதைச் சொல்வது வியப்பாக இருக்கலாம். ஆனால், திரும்பச் செலுத்த இயலாத கடனால் வங்கிக்கும் நன்மையில்லை, வாடிக்கையாளருக்கும் நன்மையில்லை. விலைப்பட்டியலுடன் பணி ஆணைகளையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். மணிக்கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.